தோள், முழங்கால், காலர்: கறுப்பின ஆண்கள் கோட்டையும் சட்டையையும் மாற்றிய விதம்

கேள்வி இதுதான்: கறுப்பின ஆண்களில் ஸ்டைல் ஐகான் என்று யாரையெல்லாம் சொல்வது, உலக ஃபேஷனில் அவர்கள் உண்மையில் எதை மாற்றினார்கள், அதில் நாம் டைலரிடம் சொல்லித் தைத்துக்கொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

இதற்கு வழக்கமாகக் கிடைப்பது பத்துப் பெயர், பத்துப் புகைப்படம். அதைப் பார்த்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. யார் உடுப்பின் எந்தப் பாகத்தில் கைவைத்தார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். இவர்களில் பெரும்பாலானவர்கள் புதிதாக ஒரு உடுப்பைக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளையர்கள் போட்டுக்கொண்டிருந்த அதே கோட்டு, அதே சட்டை, அதே ஷூதான். அதன் அளவை மாற்றினார்கள், போடும் இடத்தை மாற்றினார்கள், சில நேரம் ஒரு லேஸை மட்டும் உருவிப் போட்டார்கள்.

பழைய கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். 1766-ல் ஒலாடா எக்வியானோ என்பவர் கரீபியத் தீவான மான்செராட்டில் 40 பவுண்ட் கொடுத்துத் தன்னையே அடிமைத்தனத்திலிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டார். விடுதலை நாளில் ஆடுவதற்கென்று முன்கூட்டியே 8 பவுண்டுக்கு மேல் செலவழித்து 'சூப்பர்ஃபைன்' துணியில் ஒரு சூட் வாங்கிவைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சூப்பர்ஃபைன் என்பது அன்றைய உயர்தரக் கம்பளித் துணியின் பெயர். ஆளின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை அவர் ஒரு சூட்டுக்குக் கொடுத்திருக்கிறார். 2025-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கறுப்பின ஆண்களின் உடை பற்றி நடத்திய கண்காட்சிக்கு அந்தச் சொல்லைத்தான் பெயராக வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே அதிகம் புகைப்படம் எடுக்கப்பட்டவர் ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் பேசியவர். சுமார் 160 படங்கள், பெரும்பாலானவற்றில் கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைக் காலர், சிரிப்பு மட்டும் அநேகமாகக் கிடையாது. பல்லிளிக்கும் கறுப்பு மனிதன் என்ற கேலிச்சித்திரம் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். அதற்கான பதிலை அவர் உடுப்பிலும் முகத்திலும் வைத்திருந்தார்.

இனி வெட்டுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது ஸூட்-சூட். 1930களின் கடைசியில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம், சிகாகோ, டெட்ராய்ட் நடன அரங்குகளில் வளர்ந்தது. பேடு வைத்து அகலப்படுத்திய தோள், முழங்காலைத் தொடும் கோட்டு, விலா எலும்பு வரை ஏறும் பேன்ட் இடுப்பு, பலூன் மாதிரி விரிந்து கணுக்காலில் கவ்விப்பிடிக்கும் கால். பின்னாளில் கறுப்பின உரிமைத் தலைவரான மால்கம் எக்ஸ் இளம் வயதில் பாஸ்டனில் கடனுக்கு வாங்கிய முதல் ஸூட்-சூட்டின் அளவைச் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்: வானநீலப் பேன்ட், முழங்காலில் 30 இஞ்ச், பாட்டத்தில் 12 இஞ்ச்.

இன்று கடையில் வாங்கும் சாதாரண பேன்ட்டில் முழங்கால் 17-18, பாட்டம் 14-15 இருக்கும். இங்கே 30-லிருந்து 12-க்கு, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள 16-17 இஞ்ச் நீளத்துக்குள் துணி இறங்கியாக வேண்டும். இதில் மூன்று சிக்கல் வரும். முதலாவது, பாதம் நுழையாது. குதிகாலையும் பாதத்தின் மேட்டையும் சேர்த்து இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு 13 இஞ்ச்சாவது இருக்கும். அதற்குக் கீழே பாட்டம் வைத்தால் உள்தையலில் ஒரு ஜிப் வேண்டும். இரண்டாவது, இவ்வளவு உயர இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கினால் முன்பக்கப் பிளீட்டெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வயிற்றில் மூட்டையாகும். துணி மேலிருந்து நேராக இறங்க சஸ்பெண்டர்தான் சரி. மூன்றாவது, துணியின் எடை. மெல்லிய டெரிகாட்டனில் தைத்தால் முழங்கால் பகுதி தொங்காமல் தொடையில் ஒட்டும். சதுர மீட்டருக்கு 280-300 கிராமாவது இருக்கிற உல்லன்தான் அந்த விழுதலைக் கொடுக்கும். இவ்வளவும் மேடையில் சுழன்று ஆடும்போது துணி ஒரு நொடி தாமதமாகப் பின்னால் வருவதற்காகத்தான். ஜாஸ் பாடகர் கேப் கால்லோவே தன் இசைக்குழுவின் முன் நின்று ஆடிய பழைய படச்சுருள்களைப் பார்த்தால் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும்.

1942 மார்ச்சில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் ஆண்கள் சூட்டுக்குத் துணிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பிறகு இத்தனை துணியை உடம்பில் போட்டுத் திரிவது தேசத்துரோகம் மாதிரிப் பார்க்கப்பட்டது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படை வீரர்கள் தெருத்தெருவாகப் போய் ஸூட்-சூட் போட்ட இளைஞர்களை அடித்து, உடுப்பை உரித்தார்கள். அடிபட்டவர்களில் பெரும்பகுதி மெக்சிகோ வம்சாவளியினர், கறுப்பினரும் பிலிப்பினோக்களும் உண்டு. ஐந்து வருடம் கழித்து, 1948-ல், எஸ்கொயர் பத்திரிகை அகலத் தோளையும் தாராளத் துணியையும் 'போல்ட் லுக்' என்று பொதுச் சந்தைக்கு அறிமுகப்படுத்தியது. அடி வாங்கியவர்கள் பெயர் அதில் இல்லை. இந்த வரிசை, அதாவது முதலில் கேலி, பிறகு தடை, கடைசியில் கடை விற்பனை, இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து மைல்ஸ் டேவிஸ். ட்ரம்பெட் கலைஞர். 1950களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் ஆண்டோவர் ஷாப் என்ற கடையில், சார்லி டேவிட்சனிடம் உடை தைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஹார்வர்டு மாணவர்கள் வாங்கும் கடை. பணக்கார வெள்ளை மாணவர்களின் 'ஐவி' உடைதான் அது: பேடு இல்லாத தோள், பட்டன் வைத்த காலர், தட்டையான பேன்ட். அதை அவர் போட்டதும் அதற்கு ஒரு அலட்சியம் வந்தது. ஜாஸ் இசைத்தட்டு உறைகள் வழியாக லண்டன் இளைஞர்களுக்கும் டோக்கியோ இளைஞர்களுக்கும் அந்த உடை போய்ச் சேர்ந்தது. ஜாஸ் இசைத்தட்டு உறைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், 1958-ல் வந்த 'மைல்ஸ்டோன்ஸ்' தட்டின் உறையில் அவர் போட்டிருக்கும் பச்சைச் சட்டை. அறுபது வருடமாக ஆட்கள் அந்தப் பச்சையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கோட்டை நம் டைலரிடம் தைக்கச் சொன்னால் அநேகமாகக் கல்யாண ரிசப்ஷன் கோட்டுதான் வரும். அதனால் பாகம் பாகமாகச் சொல்ல வேண்டும். தோளுக்குப் பேடு வேண்டாம், மெல்லிய பஞ்சு ஒரு மடிப்புப் போதும். ஆனால் பேடு இல்லாதபோது தோள் தையல் எலும்பின் முனையில் சரியாக உட்கார வேண்டும். அரை இஞ்ச் தள்ளினாலும் கைமேல் பள்ளம் விழும், அதை மறைக்கப் பேடு கிடையாது. முன்பக்கம் இடுப்பைப் பிடிக்கும் டார்ட் வேண்டாம், நேராக இறங்கட்டும். லேப்பல், அதாவது நெஞ்சில் மடங்கித் திரும்பும் பட்டை, 2¾ முதல் 3 இஞ்ச். பின்பக்கம் நடுவில் ஒரே திறப்பு. கைமுனையில் நான்கு பட்டனுக்குப் பதில் இரண்டு.

பட்டன் விஷயம்தான் இதில் நுணுக்கம். கோட்டில் மூன்று பட்டன், ஆனால் லேப்பல் இரண்டாவது பட்டன் வரை உருண்டு திரும்பும். அப்போது மேல் பட்டனின் காஜா லேப்பலோடு மடங்கி, அதன் உள்பக்கம் வெளியே தெரியும். அதனால் அந்த ஒரு காஜாவை மட்டும் இருபக்கமும் சுத்தமாக எடுக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நூல் பிசிறு நெஞ்சில் தொங்கும். லேப்பல் உருள வேண்டுமென்றால் உள்ளே தைத்துப் பிடித்த கேன்வாஸ் வேண்டும். பசையில் ஒட்டும் ஃபியூசிங் போட்டால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், நாலைந்து டிரைகிளீனிங்கில் கொப்புளமும் கிளம்பலாம். கேன்வாஸ் கோட்டு தைக்கும் ஆள் குறைவு, கூலியும் அதிகம். அது முடியாதென்றால் நெஞ்சுக்கு மட்டும் கேன்வாஸ், கீழே ஃபியூசிங் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் லேப்பலை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தட்டையாக்காதீர்கள். இந்த வகைக் கோட்டு பாழாவது பெரும்பாலும் இஸ்திரிக் கடையில்தான்.

இந்த ஐவி உடையில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று உண்டு. கோடைக் கோட்டுக்கு அவர்கள் விரும்பிய கட்டம் போட்ட துணிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. 1960களில் அமெரிக்கக் கடைகள் 'சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள், ஏனென்றால் துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றில் ஒன்று கலந்து மங்குவதுதான் அதன் அழகு. ஆனால் அதற்கு மிக முன்பே இந்தத் துணி ஆப்பிரிக்காவில் இருந்தது. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இன்ஜிரி' என்பார்கள். ஆண்கள் நாம் லுங்கி கட்டுவது மாதிரி இடுப்பில் சுற்றி, மேலே காலர் இல்லாத நீளச் சட்டை போடுவார்கள். அங்குள்ள பெண்கள் பிளேடால் சில நூல்களை மட்டும் அறுத்து உருவியெடுத்து, நெய்த கட்டத்துக்குள்ளேயே புது வடிவம் கொண்டுவருவார்கள். அதற்கு 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். நம் தறியில் நெய்ததை அவர்கள் நூல் நூலாகத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் அமெரிக்கத் தெற்கில் உடுப்பு அரசியல் கருவியாக இருந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் போய் உட்கார்ந்த நான்கு மாணவர்களும் கோட்டும் நேர்த்தியான உடுப்புமாகத்தான் போனார்கள். 1963-ல் பர்மிங்ஹாமில் கைதானபோது மார்ட்டின் லூதர் கிங் போட்டிருந்தது டெனிம், வயல்கூலியின் துணி. கறுப்பினரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சி 1966-ல் வந்ததும் கறுப்புத் தோல் ஜாக்கெட், வெளிர்நீலச் சட்டை, பெரே தொப்பி. தோல் ஜாக்கெட்டுக்கு இன்றும் இருக்கிற அந்த முறைப்பில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

டாப்பர் டானைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. இயற்பெயர் டேனியல் டே. 1982-ல் ஹார்லெம் 125ஆம் தெருவில் கடை திறந்தார், இரவு பகல் திறந்திருக்கும். குச்சி, லூயி வித்தோன், ஃபெண்டி போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் அப்போது லோகோவைப் பெட்டி, பைகளில்தான் பெரும்பாலும் போட்டன. இவர் அதே லோகோவைத் தோலில் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சடித்து, அந்தத் தோலில் ஜாக்கெட், கோட்டு, கார் சீட் வரை தைத்தார். இதைத் திருட்டு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம், சட்டப்படி அது சரியும்கூட. ஆனால் அந்த நிறுவனங்கள் செய்யாத உடுப்பை, அவர்கள் எட்டிப் பார்க்காத வாடிக்கையாளருக்கு அவர் செய்தார் என்பதும் உண்மை. தோலில் அச்சடிப்பது காகிதத்தில் அடிப்பது மாதிரி இல்லை. பதனிட்ட தோலின் மேல் எண்ணெயும் மெழுகும் இருக்கும், துடைத்து எடுக்காமல் அடித்தால் மை பிடிக்காது. பிடித்தாலும் முழங்கை மடங்கும் இடத்தில் வெடித்து உதிரும். மடித்துத் தேய்த்துப் பார்த்துத்தான் மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் உழைத்தது அங்கேதான்.

1988-ல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் அந்தக் கடை வாசலில் ஒருவரோடு மோதியது பத்திரிகைகளில் வந்ததும் கடையின் பெயர் வெளியே பரவியது. நிறுவனங்கள் வழக்கும் சோதனையுமாக வந்தன. 1992-ல் கடை மூடப்பட்டது. ஃபெண்டி தரப்பு வக்கீல்களில் ஒருவர் சோனியா சோட்டோமயோர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. பிறகு என்ன ஆனது? உடம்பு முழுக்க லோகோ போட்ட உடுப்பை அந்த நிறுவனங்களே விற்றன. 2017-ல் குச்சி ஒரு ஜாக்கெட்டை மேடையேற்றியது. அது 1989-ல் ஓட்டவீராங்கனை டயான் டிக்சனுக்கு டாப்பர் டான் தைத்த பலூன் கை ஜாக்கெட் மாதிரி அப்படியே இருந்தது. சமூக ஊடகங்களில் கூச்சல் எழுந்ததும் குச்சி அவரோடு கூட்டுச் சேர்ந்து, 2018-ல் ஹார்லெமில் அவருக்குத் தையலகம் அமைத்துக் கொடுத்தது. நீங்கள் இதிலிருந்து எடுக்க வேண்டியது லோகோவை அல்ல, அச்சின் அளவை. சின்ன வடிவத்தைப் பெரிதாக்கி முதுகிலும் கையிலும் வைக்கும்போது தையல் சேரும் இடத்தில் வடிவம் உடையாமல் வெட்டியிருந்தார். கட்டம் போட்ட சட்டையிலேயே இதைச் சோதிக்கலாம், பாக்கெட்டின் கட்டம் நெஞ்சுக் கட்டத்தோடு சேர்கிறதா என்று. சேர வேண்டுமென்றால் கால் மீட்டர் துணி கூடுதலாக எடுத்துக்கொடுங்கள்.

ஷூ கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ரன்-டிஎம்சி என்ற ராப் குழு அடிடாஸின் 'சூப்பர்ஸ்டார்' ஷூவை லேஸ் இல்லாமல் போட்டது. சிறையில் லேஸைப் பிடுங்கிவிடுவார்கள், அந்த வழக்கம் தெருவுக்கு வந்தது என்பார்கள். 1986-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சியில் ரசிகர்களை ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், அரங்கத்தில் அடிடாஸ் அதிகாரி இருந்தார், ஒப்பந்தம் கிடைத்தது. விளையாட்டு வீரர் அல்லாத இசைக்குழுவோடு விளையாட்டு ஷூ நிறுவனம் போட்ட பெரிய ஒப்பந்தங்களுக்கு அதுதான் வழிகாட்டி. 2005 அக்டோபரில் என்பிஏ கூடைப்பந்து லீக், வீரர்கள் டி-ஷர்ட்டும் ஜெர்சியும் வெளியே தெரியும் சங்கிலியும் போடக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. தொளதொள உடுப்பில் வரும் ஆலன் ஐவர்சன் போன்ற வீரர்களைக் குறிவைத்த விதி என்று அப்போதே பேச்சு. விளைவு லீக் நினைத்ததுக்கு நேரெதிர். நேர்த்தியாக உடுத்தித்தான் ஆக வேண்டுமா, சரி என்று வீரர்கள் ஸ்டைலிஸ்டுகளை வைத்துக்கொண்டார்கள். அரங்கத்துக்குள் நடந்து வரும் சுரங்கப்பாதையே ஃபேஷன் மேடையாகிவிட்டது.

காங்கோவின் சாப்பர்கள் தனி உலகம், நேர்த்தியாக உடுத்துவதையே வாழ்க்கை முறையாக்கிக்கொண்டவர்கள். பிரஸ்ஸாவில்லின் பக்கோங்கோ பகுதியிலும் ஆற்றுக்கு எதிர்க்கரையில் கின்ஷாசாவிலும் இருக்கிறார்கள். சர்வாதிகாரி மொபுட்டு ஆட்சியில் ஜயரில் (கின்ஷாசா இருக்கும் நாட்டின் அன்றைய பெயர்) மேல்நாட்டுச் சூட்டுக்கும் டைக்கும் தடை, பதிலுக்கு 'அபகோஸ்ட்' என்ற காலர் கோட்டு. பாடகர் பாப்பா வெம்பா ஐரோப்பிய வடிவமைப்பாளர்களின் சூட்டோடு மேடையேறி அதை மீறினார். சாப்பர்களிடம் இருந்து நேராக எடுத்துக்கொள்ளக்கூடியது அவர்களுடைய மூன்று நிற விதி: தலை முதல் கால் வரை மூன்று நிறத்துக்கு மேல் போகாதே. இளஞ்சிவப்புச் சூட் போட்டும் அவர்கள் கோமாளியாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான். எண்ணும்போது ஷூ, பெல்ட், சாக்ஸ், கடிகாரப் பட்டையையும் சேர்த்து எண்ணுங்கள். நாம் தவறுவது எப்போதும் அங்கேதான்.

சமீபத்தியவர்களில் இருவர் போதும். கானா வம்சாவளியில் லண்டனில் பிறந்த ஓஸ்வால்ட் போட்டெங் 1995-ல் சூட் தையலுக்குப் பேர்பெற்ற சாவில் ரோ பகுதியில் கடை திறந்தார். கோட்டு மெலிந்து நீண்டது, உள்ளே ஊதா, ஆரஞ்சு லைனிங். விர்ஜில் அப்லோ கட்டடப் பொறியியலும் கட்டடக்கலையும் படித்தவர், தாய் தையல் தொழில் செய்தவர். 2018-ல் லூயி வித்தோனின் ஆண்கள் உடை வடிவமைப்புக்குத் தலைவரானார், 2021-ல் 41 வயதில் புற்றுநோயில் இறந்தார். இருக்கிற பொருளில் 3 சதவீதம் மாற்றினால் புதுப்பொருள் என்பார். இந்தப் பதில் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பா இருக்கிறவங்களுக்கு லைட் கலர்தான் எடுக்கும் என்று துணிக்கடையில் சொல்வார்கள். மேலே சொன்ன யாரும் அதைக் கேட்கவில்லை. கருநிறத் தோலில் கடுகு மஞ்சள், மயில்நீலம், பாட்டில் பச்சை, ஒயின் சிவப்பு எல்லாம் அடர்த்தியாகவே எடுக்கும். எடுபடாதது, தோலின் நிறத்தோடு ஒட்டிப்போகும் நடுத்தரப் பழுப்பும் சாம்பலும். அதைத்தான் போடுவேன் என்றால் கழுத்தருகே வெளிர் காலர் ஒன்றை இடையில் வையுங்கள். பளீர் வெள்ளைச் சட்டையோடு படம் எடுத்தால் கேமரா சட்டைக்கு வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். சந்தன நிறமோ இளமஞ்சள் வெள்ளையோ போட்டால் அது குறையும், அல்லது போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

ஒரே ஒரு உடுப்பில் தொடங்குவதென்றால் சட்டைக் காலரில் தொடங்குங்கள், செலவு குறைவு. மைல்ஸ் டேவிஸ் போட்ட வகைக் காலருக்கு முனை நீளம் 3¼ முதல் 3½ இஞ்ச். 2¾ இஞ்ச்சில் தைத்தால் பட்டன் இருக்கும், வளைவு இருக்காது. உள்ளே பக்ரமோ ஃபியூசிங்கோ வேண்டாம், ஒரு மடிப்பு மெல்லிய பருத்தித் துணி போதும். டைலர் தயங்குவார், காலர் நிற்காது என்பார். நிற்கத் தேவையில்லை, உருள வேண்டும். சட்டையில் பட்டனை, காலர் முனை தட்டையாகப் படுக்கும் இடத்திலிருந்து அரை இஞ்ச் மேலே, கழுத்துப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அந்த அரை இஞ்ச் தளர்வுதான் வளைவாக எழும். துணி ஆக்ஸ்ஃபோர்டு நெசவுப் பருத்தியாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். துவைக்காத பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், 16 இஞ்ச் கழுத்தில் அது அரை முதல் முக்கால் இஞ்ச்.